15,750 ரூபாய் கூட்டிக் கொடுத்தார்களா? செலவுக் குறியீடு 1003 ஐத் திறந்து பார்ப்போம்

18 பெப்ரவரி 2025, காலை

வத்தளையில் தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்யும் வாசகர் கேட்டது:

"நேற்று ஜனாதிபதி வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆகிவிட்டது. ஒரே தடவையில் 15,750 ரூபாய். எங்களுக்கு ஏப்ரல் மாதத்திலிருந்து ஆகக் குறைந்தது 27,000 என்றதோடு சரி. வரி கட்டுவது நாங்கள். இதற்குப் பிறகும் இவர்கள் கோட்டை புகையிரத நிலையத்துக்கு முன்னால் பதாகை பிடித்தால் அதில் என்ன நியாயம்?"

18 பெப்ரவரி 2025, இரவு

கேட்டவரின் கோபம் எனக்கு விளங்குகிறது. கணக்குத்தான் பிழை.

கொழும்பில் அரச திணைக்களம் ஒன்றின் கணக்குக் கிளையில் 34 வருடம் இருந்தேன். 1984 இல் எழுதுவினைஞராகச் சேர்ந்து, முகாமைத்துவ உதவியாளராக 2018 இல் ஓய்வு பெற்றேன். அதில் பாதிக்கு மேல் சம்பளப் பட்டியல் தயாரித்த காலம். அதனால் எண்களை ஒழுங்காக வைத்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

2019 ஜூலையில் 2,500 ரூபாய் இடைக்காலக் கொடுப்பனவு வந்தது. 2022 ஜனவரியில் 5,000 ரூபாய் விசேட கொடுப்பனவு வந்தது. இரண்டும் சேர்ந்து 7,500. இந்தப் பணம் ஏற்கெனவே மாதந்தோறும் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. இப்போது அதை அடிப்படைச் சம்பளத்துக்குள் கரைக்கிறார்கள். 24,250 உடன் 7,500 ஐக் கூட்டினால் 31,750. அதை 40,000 இலிருந்து கழித்தால் மிச்சம் 8,250. ஏப்ரலில் ஓர் அலுவலக உதவியாளரின் கைக்குக் கூடுதலாக வரப்போவது அவ்வளவுதான்.

அடிப்படைச் சம்பளத்தோடு சேர்வதில் நன்மை இல்லாமல் இல்லை. ஓய்வூதியம் அதை வைத்தே கணக்கிடப்படுகிறது. ஆண்டுச் சம்பள ஏற்றமும் 80 வீதம் கூடுகிறது. அடிமட்டத்தில் 250 ரூபாயாக இருந்தது 450 ஆகும். இவை நல்லவை, மறுக்கவில்லை. ஆனால் அரசாங்கம் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்று அறிய விரும்புகிறவர் அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதையும் அறியமாட்டார்.

19 பெப்ரவரி 2025

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 8,250 ரூபாய் முழுவதும் ஏப்ரலில் வராது. முதலில் 5,000 ரூபாயும், எஞ்சிய 3,250 இல் 30 வீதமும் வரும். அதாவது 5,975. மீதி 70 வீதம் இரண்டு சம பங்காக 2026 ஜனவரியிலும் 2027 ஜனவரியிலும் வரும். உரையின் அந்தப் பந்தியை அவசரத்தில் தவறவிட்டேன். பட்டியல் தயாரித்தவள் இப்படித் தவறவிட்டது எனக்கே பொறுக்கவில்லை. இரவு முழுவதும் அது மனத்தில் கிடந்தது.

ஆக 15,750 என்று தலைப்பில் வந்த எண், மாதக் கடைசியில் 5,975 ஆகக் கைக்கு வருகிறது. வத்தளை நண்பர் தலைப்பைப் படித்துவிட்டுக் கோபப்படுகிறார். அலுவலக உதவியாளர் சம்பளச் சீட்டைப் படித்துவிட்டுக் கோபப்படுவார்.

22 பெப்ரவரி 2025

அடிப்படைச் சம்பளத்தைப் பார்த்துப் பயனில்லை என்றால் எதைப் பார்ப்பது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நிதியமைச்சு ஆண்டுதோறும் மதிப்பீடுகளை வெளியிடுகிறது. தடித்த தொகுதிகள். முன்பு கையில் தூக்கிப் பார்த்தோம், இப்போது இணையத்தில் இருக்கின்றன. ஒவ்வோர் அமைச்சுக்கும் திணைக்களத்துக்கும் ஒரு தலைப்பு எண் உண்டு: சுகாதார அமைச்சு 111, கல்வி அமைச்சு 126, தபால் திணைக்களம் 308. தலைப்பைத் திறந்தால் உள்ளே செலவு விடயக் குறியீடுகள் வரிசையாக நிற்கும். 1001 என்பது சம்பளமும் வேதனமும். 1002 என்பது மேலதிக நேரக் கொடுப்பனவும் விடுமுறை நாள் கொடுப்பனவும். 1003 என்பது ஏனைய கொடுப்பனவுகள்.

1001 முழு வெளிச்சத்தில் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபத்தை எடுத்தால் பி.எல். 1 என்ற சம்பளத் தரத்தில் இருக்கும் அலுவலக உதவியாளரும், எம்.என். 2 இல் இருக்கும் முகாமைத்துவ உதவியாளரும், எஸ்.எல். 1 இல் இருக்கும் நிறைவேற்றுத் தர அதிகாரியும் எந்தப் படியில் எவ்வளவு எடுக்கிறார்கள் என்று பாடசாலைப் பிள்ளையும் சொல்லிவிடும்.

1003 ஒரே வரி. எல்லோருக்கும் பொதுவான 17,800 ரூபாய் வாழ்க்கைச் செலவுப் படியும் அதற்குள் இருக்கிறது. ஒரு சிலருக்கு மட்டும் போகும் கொடுப்பனவுகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. மொத்தத் தொகை மட்டும் வெளியே தெரியும். எந்தப் பெயரில், எந்தத் தரத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்த அனுமதிக் கடிதத்தின் பேரில் என்பது திணைக்களத்துக் கோவைகளில் கிடக்கும். பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பக்கத்தில் இருப்பவரிடம் அந்தக் கோவை இருக்கும். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரிடம் இராது. ஒரு பக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கும் பேரம் அது. அரச சம்பளப் பேச்சைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதெல்லாம் இந்த ஒரு விடயம்தான்.

23 பெப்ரவரி 2025

'சுற்றுநிருபம்' என்றால் என்ன என்று சென்னையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அங்கே சுற்றறிக்கை என்பீர்கள். எங்கள் அலுவலகங்களில் சுற்றுநிருபம்தான். நிருபம் என்றால் கடிதம்.

2 மார்ச் 2025

ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "நீங்கள் கணக்குக் கிளையில் இருந்தவர். உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்குமே. அப்போது ஏன் சொல்லவில்லை?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்தேதான் 1003 பற்றி எழுதினேன்.

2014. எங்கள் தொழிற்சங்கக் கிளைக்கு நான் பொருளாளர். வருட முடிவுக் கணக்குக்காக எழுதுவினைஞர்களும் அலுவலக உதவியாளர்களும் இரண்டு மாதம் இரவு எட்டு, ஒன்பது மணி வரை இருப்பார்கள். மேலதிக நேரத்துக்கு உச்ச வரம்பு உண்டு. வரம்பைத் தாண்டிய மணித்தியாலங்களுக்கு எதுவும் கிடையாது. அதற்கு ஒரு சிறிய கொடுப்பனவு கேட்டோம். நிருவாகம் எங்களை மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் தந்து, "திறைசேரி இடம் கொடுக்கவில்லை, ஒதுக்கீட்டில் ஒரு சதமும் மிச்சமில்லை" என்றது.

அந்த வாரம்தான், வெள்ளிக்கிழமை, நிறைவேற்றுத் தரத்தினர் சிலருக்குப் புதிதாக வந்த விசேட கடமைக் கொடுப்பனவு ஒன்றுக்கான வவுச்சரை என் கையால் தயாரித்திருந்தேன். எங்கள் கோரிக்கை முழுவதையும் கூட்டினாலும் அதில் பாதி வராது. அந்த எண் என் தலைக்குள் இருந்தது. எதிரில் இருந்தவர்களுக்கும் அது தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அரச ஊழியருக்கான தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி, 47 ஆவது அத்தியாயம், உத்தியோகபூர்வத் தகவலை வெளியிடுவது பற்றிச் சொல்வதை எல்லோரும் படித்திருந்தோம். நான் தேநீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

படியில் இறங்கும்போது ஓர் அலுவலக உதவியாளர், கொட்டாஞ்சேனைக்காரர், என் பக்கத்தில் வந்தார். "மிஸ், உண்மையாகவே காசு இல்லையா? உங்களுக்குத் தெரிந்திருக்கும்தானே?" என்றார். "பார்ப்போம்" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கேட்காமல் போனதுதான் இன்றைக்கும் வலிக்கிறது.

ஆசிரியைக்கு இதுதான் பதில். அச்சம்தான் காரணம். ஓய்வூதியத்துக்கு நான்கு வருடம் இருந்தது.

9 மார்ச் 2025

மேலே உள்ளதைப் படித்துவிட்டு இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரு சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். தேசிய வைத்தியசாலையில் வேலை செய்யும் தாதியர் ஒருவர் வேறொன்று சொல்கிறார். அதைப் பற்றி ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அவர் சொல்வது: "எல்லாக் கொடுப்பனவையும் வெளியிடுங்கள் என்கிறீர்கள். எங்களுக்கு அது தலைகீழாக வரும். போராட்டம் தொடங்கும்போதெல்லாம் யாரோ ஒருவர் ஆகக் கூடுதலாக மேலதிக நேரம் எடுத்த ஒரு தாதியின் சம்பளச் சீட்டைத் தேடி எடுத்துப் பத்திரிகைக்குக் கொடுக்கிறார். அந்த ஒரு எண்ணை வைத்து எங்கள் எல்லோரையும் பேசுகிறார்கள். அந்தத் தாதி அந்த மாதம் எத்தனை இரவு தூங்கவில்லை என்று யாரும் அச்சடிப்பதில்லை."

இப்போது நடக்கும் சச்சரவும் இதுதான். அடிப்படைச் சம்பளம் கூடுவதால் மேலதிக நேரத்தைக் கணக்கிடும் பின்னத்தை மாற்ற முன்மொழிந்திருக்கிறார்கள். வைத்தியர்களுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு அடிப்படைச் சம்பளத்தில் எண்பதில் ஒரு பங்காக இருந்ததை நூற்றிருபதில் ஒரு பங்காக்குவது என்று பேச்சு. தாதியருக்கு நூற்றறுபதில் ஒன்றாக இருந்தது இருநூறில் ஒன்றாகும். கையில் கிடைப்பது குறையாது என்கிறது அரசாங்கம். உரிமை குறைகிறது என்கின்றன சங்கங்கள். வெளியில் இருந்து பார்க்கும் குடிமகனுக்கு இரண்டையும் சரிபார்க்க வழியே இல்லை. மணித்தியாலங்கள் எத்தனை என்று யாரும் சொல்வதில்லை, தொகையை மட்டும் சொல்கிறார்கள்.

ஆகவே நான் முன்பு எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். தொகையை மட்டும் வெளியிட்டால் அது கத்தியாகிவிடும். 1002 ஐ வெளியிடுகிறவர் மூன்றைச் சேர்த்தே வெளியிட வேண்டும்: தொகை, மணித்தியாலம், அந்தப் பதவியணியில் நிரப்பப்படாத இடங்கள். நூறு பேர் இருக்க வேண்டிய வார்டுகளில் அறுபது பேர் இருந்தால் மேலதிக நேரம் ஏறாமல் என்ன செய்யும்? வெற்றிடத்தை மறைத்துவிட்டுத் தொகையைக் காட்டினால் அதை நான் வெளிப்படைத்தன்மை என்று ஏற்கமாட்டேன். தாதியருக்கு நன்றி. அவர் எழுதாவிட்டால் நான் இதைப் பிழையாகவே சொல்லிக்கொண்டிருப்பேன்.

29 மார்ச் 2025

2025 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் வந்துவிட்டது. 25 ஆம் திகதி இடப்பட்டது. நான் பெப்ரவரி 19 இல் எழுதிய கணக்கு சரியாகவே இருக்கிறது.

6 ஏப்ரல் 2025

"அந்தக் காலத்தில் அரச உத்தியோகம் என்றால் நிம்மதி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்தக் காலம் என்று கேட்க விரும்புகிறேன்.

1980 ஜூனில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. மாதம் 300 ரூபாய் சம்பள உயர்வு வேண்டும், வாழ்க்கைச் செலவுச் சுட்டெண் ஒரு புள்ளி ஏறினால் ஐந்து ரூபாய் கூட்ட வேண்டும் என்பவை கோரிக்கைகளில் முக்கியமானவை. ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் பேசவில்லை. வேலைக்கு வராதவர்கள் பதவியை விட்டுச் சென்றதாகக் கருதப்பட்டார்கள். சுமார் 40,000 பேர் வேலை இழந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் அப்பா.

எனக்கு அப்போது 19 வயது. அப்பா காலையில் வழக்கம்போல் சட்டையை அயர்ன் செய்து போட்டுக்கொண்டு, போக இடமில்லாமல், வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. பிறகு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதினார். "இல்லை என்று சொன்னால் பெட்டியைத் திறந்து காட்டியிருக்கலாமே, பார்த்துவிட்டு நாங்களே வேலைக்குப் போயிருப்போம்" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். மூன்று வருடத்தில் இன்னொரு ஜூலை வந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை.

அந்த ஐந்து ரூபாய்க் கோரிக்கையை மட்டும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். விலைவாசி ஏறினால் படியும் தானாக ஏற வேண்டும் என்றார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த மாதமும் வாழ்க்கைச் செலவுப் படி 7,800 ரூபாய்தான். 10,000 ரூபாய் கூடி 17,800 ஆனது 2024 இல். பெயரில் மட்டும் வாழ்க்கைச் செலவு இருந்தது.

8 ஏப்ரல் 2025

திருத்தம். வேலைநிறுத்தம் நடந்தது ஜூலையில். ஜூன் 5 ஆம் திகதி மறியலில் சோமபால என்ற தொழிலாளி கொல்லப்பட்டார். நான் இரண்டையும் குழப்பிவிட்டேன். "இன்னொரு ஜூலை" என்று எழுதும்போதே எனக்குத் தட்டியிருக்க வேண்டும். சுட்டிக்காட்டிய கொம்பனித் தெரு நண்பரின் பெரியப்பாவும் அந்த 40,000 பேரில் ஒருவராம்.

4 மே 2025

மே தினம் முடிந்து ஹட்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. "உங்கள் இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன், அக்கா. எங்கள் நாட்சம்பளத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை."

நியாயமான குறை. அது அரச சம்பளம் இல்லை, சம்பளச் சபை ஊடாக வருவது என்று பதில் எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். இந்த இழைக்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாய். 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 என்று அறிவித்தார்கள். கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் 1,350 இல் வந்து நின்றது. இந்த எண்களை நான் எந்தக் கோவையையும் பார்க்காமல் எழுதுகிறேன். உங்களுக்கும் தெரியும். முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கும் தெரியும். கொழுந்து எடுக்கும் பெண்ணின் ஒரு நாள் உழைப்பு எவ்வளவு என்று இந்த நாட்டில் வர்த்தமானி போட்டு, மேடையில் பேசி, வழக்காடி, தொலைக்காட்சியில் விவாதிக்கிறோம். ஆயிரமா, ஆயிரத்து முந்நூற்றைம்பதா என்று ஒவ்வொரு ரூபாயும் ஊரறிந்தது.

ஒரு கூட்டுத்தாபனத் தலைவரின் வாகனம், எரிபொருள், தொலைபேசி, வீட்டு வாடகை எல்லாம் சேர்த்து மாதம் எவ்வளவு என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பி.எல். 1 இன் சம்பளம் முழுவதும் சுற்றுநிருபத்தில் இருக்கிறது. மேலே போகப் போகச் சுற்றுநிருபத்தில் இருக்கும் பங்கு குறைந்து, கோவையில் இருக்கும் பங்கு கூடுகிறது. உச்சியில் இருப்பவருக்கு அடிப்படைச் சம்பளம் ஒரு சிறு பகுதியாகிவிடுகிறது. இந்த ஏணியை நான் 34 வருடம் கணக்கில் எழுதியிருக்கிறேன். கீழ்ப்படியில் நிற்பவர் எல்லோருக்கும் தெரிகிறார், மேல்படியில் நிற்பவர் தெரிவதில்லை.

ஹட்டன் தம்பிக்கு: உங்கள் கேள்வியை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

25 மே 2025

தகவல் அறியும் உரிமைச் சட்டம் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். 2017 பெப்ரவரி 3 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

ஓய்வு பெற்று அடுத்த வருடம், 2019 இல், 2014 இல் விழுங்கிய கேள்வியை எழுத்தில் கேட்டேன். தமிழில் எழுதினேன். ஒரு தனிநபரின் பெயரும் வேண்டாம். கடந்த ஐந்து வருடத்தில் 1003 இன் கீழ் கொடுத்த கொடுப்பனவுகளின் பெயர்கள், சம்பளத் தரம் வாரியாக மொத்தத் தொகை, ஒவ்வொன்றுக்குமான அனுமதிக் கடிதத்தின் இலக்கம், இவ்வளவுதான். ஏன் கேட்கிறீர்கள் என்று கருமபீடத்தில் கேட்டார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தில் இருக்கிறது. அதைச் சொன்னபோது என் குரல் நடுங்கியது. நான் வேலை செய்த இடத்தில் நானே வெளியாளாக நின்றேன்.

14 நாள் கழித்துத் தனிப்பட்ட தகவல் என்று மறுத்தார்கள். பதில் சிங்களத்தில் இருந்தது. எனக்குச் சிங்களம் நன்றாக வாசிக்க வரும். ஆனால் தமிழில் கேட்டவளுக்குத் தமிழில் பதில் தருவதை உபகாரமாகக் கேட்க வேண்டியதில்லை என்பதால் அதையும் மேன்முறையீட்டில் எழுதினேன். குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் முதல் மேன்முறையீடு. அவரும் பாதியைத் தந்து பாதியை வைத்துக்கொண்டார். பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நடுவில் கொரோனா வந்து எல்லாம் நின்றுபோனது. பெயர் கேட்காதபோது அது எப்படித் தனிப்பட்ட தகவலாகும் என்பதற்கு அவர்களிடம் கடைசிவரை பதில் இருக்கவில்லை. 2021 இல் மூன்று பக்கம் கையில் வந்தது.

அந்த மூன்று பக்கத்தில் நான் வெள்ளிக்கிழமை தயாரித்த வவுச்சரின் பெயர் ஒரு வரியாக இருந்தது. பக்கத்தில் தொகை. அதைப் பார்த்தவுடன் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அந்தக் கொட்டாஞ்சேனைக்காரர் அப்போது ஓய்வு பெற்று ஊருக்கும் போய்விட்டார். தொலைபேசி எடுத்துச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்லை மிஸ், இப்போதாவது சொன்னீர்களே" என்றார்.

27 மே 2025

திருத்தம்: 14 நாள் என்று எழுதியிருந்தேன். 14 வேலை நாட்கள். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) கணக்கில் வராது. கேட்டுவிட்டு இரண்டாம் வாரமே சண்டைக்குப் போய்விடாதீர்கள். அவர்கள் காரணத்தோடு இன்னொரு 21 நாள் வரை நீடிக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

15 ஜூன் 2025

துறைமுகத்தில் வேலை செய்யும் ஒருவர் "எங்கள் தலைப்பு எண் எது?" என்று கேட்டுவிட்டார். மதிப்பீடுகளில் தேடிக் களைத்துப் போயிருக்கிறார். இது என் பிழை, பெப்ரவரி 22 இலேயே சொல்லியிருக்க வேண்டும். தலைப்பும் 1003 உம் அமைச்சுகளுக்கும் திணைக்களங்களுக்கும்தான். கூட்டுத்தாபனம், அதிகாரசபை, அரச வங்கி, மின்சார சபை இவற்றின் சம்பளம் அங்கே வராது. அவற்றின் ஆண்டறிக்கையையும், கணக்காய்வாளர் தலைமை அதிபதியின் அறிக்கையையும், அரச நிறுவனங்களை விசாரிக்கும் நாடாளுமன்றக் கோப் குழுவில் வருவதையும் பொறுக்கி எடுத்துச் சேர்க்க வேண்டும்.

மத்திய வங்கியை நினைத்துப் பாருங்கள். 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் அதற்குச் சுதந்திரம் கொடுத்தது. அடுத்த வருடம் ஊழியர் சம்பளம் சுமார் 70 வீதம் ஏறியது வெளியே வந்து நாடாளுமன்றமே கொதித்தது. தங்கள் தரப்பில் கூட்டு ஒப்பந்தம் இருக்கிறது, சட்டப்படி செய்தோம் என்றது வங்கி. நான் அந்த ஊழியர்களைக் குறை சொல்ல வரவில்லை. படித்த பிள்ளைகள் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். என் கேள்வி வேறு: அந்த ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே மேசையில் விரிந்திருந்தால் இவ்வளவு கொதிப்பு வந்திருக்குமா?

2024 தொடக்கத்தில் வைத்தியர்களுக்கான கொடுப்பனவு 35,000 இலிருந்து 70,000 ஆனபோதும் அதுதான். ஒரு சங்கத்துக்கு உள்ளே கொடுத்தார்கள், வெளியே 72 சங்கங்கள் அதையே கேட்டு எழுந்தன. வைத்தியசாலைகளுக்கு இராணுவத்தினரை அனுப்பினார்கள். ஆசிரியர்களின் கதை இன்னும் நீளம்: 2021 இல் மூன்று மாதத்துக்கு மேல் கற்பித்தலை நிறுத்தி, ஆசிரியர் சம்பள முரண்பாட்டை ஆராய்ந்த சுபோதினி குழு சொன்னதில் மூன்றில் ஒரு பங்கை வாங்கினார்கள். மிச்சத்தைக் கேட்டு 2024 ஜூன் 26 இல் கொழும்புக்கு வந்தவர்களுக்குக் கிடைத்தது நீர்த்தாரையும் கண்ணீர்ப்புகையும்.

பணமே இல்லாத நாட்டில் இதையெல்லாம் பேசி என்ன என்று வத்தளை நண்பர் மறுபடி கேட்கிறார். பணம் அளவானது என்பதால்தான் பேசுகிறேன். 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க அரச நிதி முகாமைச் சட்டம், வட்டி நீங்கலான அரச செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 13 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று வேலி போட்டுவிட்டது. இனி ஒருவருக்குக் கூட்டுவது இன்னொருவரின் பங்கிலிருந்துதான் வரும். பாத்திரம் ஒன்று, கரண்டி பல. யார் எவ்வளவு அள்ளுகிறார் என்று தெரியாவிட்டால் தாதி வைத்தியரைப் பார்த்து முறைப்பார், ஆசிரியர் தாதியைப் பார்த்து முறைப்பார், தனியார் துறைப் பிள்ளை எல்லோரையும் பார்த்து முறைப்பார். நண்பரே, வரி கட்டுகிறவர் என்ற முறையில் நீங்கள் கேட்க வேண்டியதும் சங்கத்துக்காரர் கேட்க வேண்டியதும் ஒரே தாள்தான்.

16 ஜூன் 2025

வத்தளை நண்பரின் பதில்: "எந்தத் தாள் என்று சொல்லுங்கள், நான் கேட்கிறேன்." இன்று முழுவதும் இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

20 ஜூலை 2025

எனக்கும் இதில் ஒரு நலன் இருக்கிறது. மறைத்தால் அது நேர்மையாகாது. 2016 சம்பளத் திட்டத்தைப் படிப்படியாக 2020 வரை நடைமுறைப்படுத்தினார்கள். இடையில் ஓய்வு பெற்ற என்னைப் போன்றவர்களின் ஓய்வூதியம் அரைகுறைப் படியில் நின்றுவிட்டது. 2020 க்கு முன் ஓய்வு பெற்றோருக்கு அதை இந்த ஜூலையிலிருந்து மூன்று கட்டமாகச் சரிசெய்வதாக வரவு செலவுத் திட்டம் சொன்னது. ஆகவே சம்பளக் கணக்கைப் பற்றி எழுதும்போது நான் வெறும் பார்வையாளர் இல்லை.

21 ஓகஸ்ட் 2025

ஞாயிறு நள்ளிரவிலிருந்து தபால் ஊழியர் வேலைநிறுத்தம். மேலதிக நேரமும் கைவிரல் அடையாள இயந்திரமும்தான் வாயில் அடிபடுகின்றன. மொத்தக் கோரிக்கைகள் 19. வெள்ளவத்தைத் தபாலகத்தின் கதவு மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் "மேலதிக நேரம் என்று சும்மா எடுக்கிறார்களாம்" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையில் தெரியாது. தலைப்பு 308, குறியீடு 1002, அதில் ஒரு மொத்தத் தொகை இருக்கிறது. எத்தனை மணித்தியாலம், எத்தனை வெற்றிடம் என்று இல்லை. கைவிரல் இயந்திரத்தை நான் எதிர்க்கவில்லை. நேரத்தை ஒழுங்காகப் பதிவது உழைக்கிறவருக்கும் பாதுகாப்பு. அந்தப் பதிவு யார் கையில் இருக்கும், சங்கமும் அதைப் பார்க்குமா என்பதைச் சேர்த்துப் பேச வேண்டும். மார்ச்சில் தாதியர் சொன்னது இங்கே அப்படியே பொருந்துகிறது.

25 ஓகஸ்ட் 2025

தபாலகங்கள் திறந்துவிட்டன, வேலைநிறுத்தம் நேற்று முடிந்தது.

இன்று காலை வத்தளை நண்பரும் நானும் முதல்முறையாக நேரில் சந்தித்தோம். எனக்கு மகன் வயது. ஒரு திணைக்களத்தின் தகவல் அலுவலரிடம் இரண்டு விண்ணப்பங்களைக் கொடுத்தோம். ஒன்று அவர் பெயரில், ஒன்று என் பெயரில், கேள்விகள் ஒன்றே: 1002 இன் தொகை, மணித்தியாலம், வெற்றிடம், 1003 இன் ஒவ்வொரு கொடுப்பனவின் பெயர், தரம் வாரியான தொகை, அனுமதிக் கடித இலக்கம். இரண்டும் தமிழில். கருமபீடத்தில் இருந்த இளம் பெண் அவற்றை முழுவதும் வாசித்துவிட்டு, "இது எங்களுக்கும் தேவைதான்" என்று மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். பெற்றுக்கொண்டதற்கான சீட்டை எழுதி, முத்திரை வைத்துத் தந்தார்.

நாளையிலிருந்து எண்ணினால், செப்டெம்பர் 5 மீலாதுன் நபி விடுமுறையையும் சனி ஞாயிறுகளையும் விட்டுவிட்டு, 14 ஆவது வேலை நாள் செப்டெம்பர் 15, திங்கட்கிழமை. பினர போயா ஞாயிறில் வருவதால் அது கணக்கை மாற்றாது. நண்பர் அன்றைக்கு அரை நாள் விடுமுறை எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.